பாடலில் ஒலிக்கும் தீர்க்கதரிசனம்: ஆராதனை நடத்துவோருக்கும் இசைக்குழுவினருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் மூன்றாம் பாட்டு முடிந்துவிட்டது, ஆனால் கீபோர்டு நிற்கவில்லை. நான்கு கோர்டுகளை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கிறது. ஆராதனை நடத்துபவர் கண்களை மூடிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைப் பாடத் தொடங்குகிறார்: “என் மகளே, உன் கண்ணீரைக் கண்டேன்.” அந்த வரி நான்காம் முறை வரும்போது சபையில் பாதிப்பேர் அழுதுகொண்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும் இடத்தில் ஒருவர், “இன்றைக்கு நல்ல தீர்க்கதரிசன ஆராதனை” என்கிறார். பக்கத்தில் இருப்பவரோ, “அதெல்லாம் கீபோர்டு செய்த வேலை” என்கிறார்.

அந்தக் கீபோர்டுக்குப் பின்னால் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கக்கூடும் என்று நான் அறிவேன். எது எப்போது உண்மை என்று பிரித்தறிவதற்கு, கிறிஸ்தவ இசை ஆராதனையில் தீர்க்கதரிசனம் என்பதன் பொருளை வேதத்திலிருந்தும் சபையின் பழக்கத்திலிருந்தும் படிப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்வழிகாட்டி அதற்கானது. இரண்டாம், நான்காம் படிகளை வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

முதற்படி: சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தீர்க்கம் என்றால் நீளம், தரிசனம் என்றால் காட்சி. நெடுந்தொலைவில் இருப்பதைக் காண்பதே தீர்க்கதரிசனம். அழகான சொல்தான், ஆனால் அது நம்மை உடனே எதிர்காலத்தை நோக்கித் திருப்பிவிடுகிறது. ஆகவே தீர்க்கதரிசனப் பாடல் என்று கேட்டதும், ‘இனி நடக்கப்போவதைப் பாடுவது’ என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். கத்தோலிக்கத் தமிழ் மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் ‘இறைவாக்கு’ என்றும், அதை உரைப்பவரை ‘இறைவாக்கினர்’ என்றும் சொல்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்த எனக்கு அச்சொல் முதலில் அந்நியமாகத் தோன்றினாலும், இந்தப் பொருளைப் பொறுத்தவரை அதுவே மூலத்துக்கு அருகில் இருப்பதாக இப்போது நினைக்கிறேன்.

எபிரெயத்தில் தீர்க்கதரிசியைக் குறிக்கும் ‘நாபி’ என்ற சொல்லுக்கு வேதமே யாத்திராகமம் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு விளக்கம் தருகிறது. மோசே பார்வோனுக்கு முன்பாகத் தேவனைப்போல் நிற்பார், ஆரோன் அவருடைய தீர்க்கதரிசியாக இருப்பார், மோசேக்குச் சொல்லப்படுவதை ஆரோன் பார்வோனிடம் பேசுவார் என்று அங்கே காண்கிறோம். ஆரோன் அங்கே எதையும் முன்கூட்டிக் காணவில்லை. இன்னொருவருடைய வார்த்தைக்கு வாயாக இருக்கிறார், அவ்வளவே. முன்னறிவிப்பு இந்தப் பணியில் அடங்கலாம், ஆனால் அதுவே பணியின் சாரம் அன்று. ஆகவே, இசை ஆராதனையில் தீர்க்கதரிசனம் என்பது கூடியிருக்கும் சபைக்குத் தேவனுடைய வார்த்தை பாட்டின் வழியாக வந்து சேருவது என்று கொள்வோம். சேர்ந்தது அவருடைய வார்த்தைதானா என்று சபை சோதிக்கும் கடமையையும் அதனோடு சேர்த்தே கொள்வோம்.

இரண்டாம் படி: 1 நாளாகமம் 25-ஐ நிதானமாகப் படியுங்கள்

இசையையும் தீர்க்கதரிசனத்தையும் வேதத்தில் மிக நெருக்கமாகக் கட்டிவைக்கும் பகுதி இதுதான். தாவீது ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் குமாரரைத் தெரிந்தெடுத்து, சுரமண்டலங்களாலும் தம்புருகளாலும் கைத்தாளங்களாலும் தீர்க்கதரிசனஞ் சொல்லும்படி நியமிக்கிறார். (தமிழ் வாசகர் தம்புரு என்றதும் கச்சேரியில் சுருதிக்காக மீட்டும் கருவியை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூலத்தில் இருப்பது யாழைப்போன்ற நரம்புக் கருவி. மொழிபெயர்த்தவர்கள் தம் வாசகருக்குத் தெரிந்த பெயரை இட்டார்கள்.) இப்பகுதியில் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மூன்றாம் வசனம். எதுத்தூன் சுரமண்டலத்தோடு தீர்க்கதரிசனம் சொன்னார் என்று கூறிய கையோடு, கர்த்தரைப் போற்றித் துதிக்கும் பணியே அவ்வாறு அழைக்கப்படுகிறது. அங்கே எந்த முன்னறிவிப்பும் பதிவாகவில்லை. தேவன் யார், என்ன செய்தார் என்று ஜனங்களின் நடுவில் அறிவிக்கும் நன்றிப் பாட்டையே வேதம் தீர்க்கதரிசனம் என்று எண்ணுகிறது.

இரண்டாவது, இவர்கள் வெறும் பாடகர்களாக எண்ணப்படவில்லை. ஏமான் ‘ராஜாவின் ஞானதிருஷ்டிக்காரன்’ என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. ஆசாபையும் எதுத்தூனையும் இரண்டாம் நாளாகமம் அதே பெயரால் குறிப்பிடுகிறது.

மூன்றாவது செய்தியைத்தான் இன்றைய ஆராதனைக் குழுக்கள் மிகவும் விட்டுவிடுகின்றன. ஏழாம் வசனத்தின்படி, இவர்கள் கர்த்தரைப் பாடும் பாட்டுகளைக் கற்றுத் தேர்ந்த 288 பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 பிரிவுகளாகி, ஆசானும் மாணாக்கனும் வேறுபாடின்றிச் சீட்டுப்போட்டு முறை எடுத்துக்கொண்டார்கள். ‘ஆவியானவர் நடத்துவார், ஒத்திகை எதற்கு’ என்று கேட்பவருக்கு இந்த அதிகாரமே பதில். வேதத்தில் இசையால் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் என்று பெயர் பெற்ற குழுவினர், பயிற்சி பெற்று, முறைவைத்து, பிறர் கைக்கீழ் வேலை செய்தவர்கள்.

நான்காவது, அந்த அதிகாரம் ‘கைக்கீழ்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. குமாரர் தகப்பனுக்குக் கீழ், தகப்பன்மார் ராஜாவுக்குக் கீழ். யாருக்கும் கணக்கொப்புவிக்காத தனிமனிதத் தீர்க்கதரிசி அங்கே இல்லை.

ஏமானுக்கு 14 குமாரரும் 3 குமாரத்திகளும் இருந்தார்கள். அவர்களில் கடைசி ஒன்பது குமாரரின் பெயர்களை எபிரெயத்தில் வரிசையாகச் சேர்த்து வாசித்தால், ‘எனக்கு இரங்கும் கர்த்தாவே’ என்று தொடங்கும் ஒரு சிறு ஜெபப்பாட்டைப்போல ஒலிப்பதை வேத அறிஞர் பலர் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பெயரிட்டே ஒரு சங்கீதம் இயற்றிய குடும்பமோ, பெயர்ப்பட்டியலுக்குள் ஒரு சங்கீதம் ஒளிந்துகொண்டதோ, நமக்குத் தெரியாது. எப்படியும் இசைக்காரர் வீட்டுக்குப் பொருத்தமான வேடிக்கைதான்.

மூன்றாம் படி: இசை வார்த்தைக்கு முன் நிற்கிறதா, பின் நிற்கிறதா என்று பாருங்கள்

பின்னணி இசையை நியாயப்படுத்த மேடைகளில் அடிக்கடி எடுக்கப்படும் வசனம் 2 இராஜாக்கள் 3:15. மோவாபை எதிர்த்துப் புறப்பட்ட இஸ்ரவேல், யூதா, ஏதோம் ராஜாக்களின் சேனை, ஏழு நாள் வழிநடந்தபின் தண்ணீரில்லாமல் தவிக்கிறது. அவர்கள் நாடிவந்த தீர்க்கதரிசியாகிய எலிசா ஒரு சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்துவரச் சொல்கிறார்; அவன் வாசித்தபோது கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்குகிறது. இதை வைத்து, ‘இசை இல்லாமல் தீர்க்கதரிசனம் இறங்காது’ என்பவர்கள் உண்டு.

அந்தக் காட்சியைச் சற்று அருகே சென்று பாருங்கள். எலிசா சற்றுமுன்தான் இஸ்ரவேலின் ராஜாவிடம் கடுமையாகப் பேசியிருக்கிறார். யூதாவின் ராஜாவாகிய யோசபாத் அங்கே இராவிட்டால் முகங்கொடுத்தே பார்த்திருக்கமாட்டேன் என்கிறார். அந்த மனநிலையில் அவர் இசையைக் கேட்கிறார். அது கேட்பவர்களின் உள்ளத்தை இளக்குவதற்காக வாசிக்கப்படவில்லை, சொல்லப்போகிறவருக்காக வாசிக்கப்பட்டது. வந்த வார்த்தையோ கண்ணீரை வரவழைப்பதாக இல்லை. பள்ளத்தாக்கெங்கும் வாய்க்கால் வெட்டுங்கள் என்ற கட்டளையாக இருந்தது. தாகத்தோடு நின்ற படைவீரர் மண்வெட்டியை எடுக்க வேண்டியிருந்தது.

யோசபாத்தின் இன்னொரு வரலாறு இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. 2 நாளாகமம் 20-இல் எதிரிகளின் பெருங்கூட்டம் வருகிறது. சபை கூடி நிற்கையில், ஆசாபின் புத்திரரில் ஒருவனாகிய யகாசியேல்மேல் ஆவியானவர் இறங்கி, “பயப்படாமலும் கலங்காமலும் இருங்கள்” என்ற வார்த்தையைத் தருகிறார். இசைக்குடும்பத்து மனிதன்தான், ஆனால் அவன் பாடியதாகச் சொல்லப்படவில்லை. மறுநாள் காலையில்தான் ராஜா ஜனத்தோடு ஆலோசனைபண்ணிப் பாடகர்களைப் படைக்கு முன்னே நிறுத்துகிறார். அங்கே வார்த்தை முதலில் வந்தது. பாட்டு அதற்குச் சபை கொடுத்த ஆமென்.

மூன்றாவது காட்சியை மேடையில் யாரும் எடுப்பதாக நான் கேட்டதில்லை. 1 சாமுவேல் 18:10-இல் தாவீது வழக்கம்போலச் சுரமண்டலம் வாசிக்கிறார், சவுல் வீட்டுக்குள்ளே தீர்க்கதரிசனஞ் சொல்லிக்கொண்டிருக்கிறார். இசைக்கிறவர் தாவீது, கருவியோ முன்பு சவுலுக்கு ஆறுதல் தந்த அதே கருவி. ஆனால் சவுலின்மேல் இறங்கியிருந்தது பொல்லாத ஆவி என்று வசனம் சொல்கிறது. அவர் கையில் ஈட்டி இருந்தது. நல்ல இசை ஒலித்ததாலேயே, அதன்மேல் வந்த பேச்சு நல்ல இடத்திலிருந்து வந்ததாகிவிடாது. இசைக்குழுவில் சேருகிற ஒவ்வொருவருக்கும் இந்த வசனத்தை முதல் வாரமே படித்துக்காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

நான்காம் படி: உங்கள் பாட்டுகளில் யார் பேசுகிறார் என்று குறித்துப் பாருங்கள்

இதைச் செய்வதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆசாபின் பெயரைத் தாங்கிய சங்கீதங்கள் பன்னிரண்டு: ஐம்பதாவதும், 73 முதல் 83 வரையிலானவையும். அவற்றில் 50, 81 ஆகிய இரண்டையும், அவற்றோடு 95-ஆம் சங்கீதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் ‘நான்’ என்பது யார் என்று பென்சிலால் குறியுங்கள். மனிதர் தேவனைப் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென மாறும். “என் ஜனமே, கேள்” என்று தேவன் பேசத் தொடங்குவார். பாட்டின் நடுவே நிகழும் அந்தக் குரல்மாற்றமே இசைத் தீர்க்கதரிசனத்தின் மிகத் தெளிவான வடிவம்.

95-ஆம் சங்கீதத்தில் அந்த மாற்றம் கூர்மையானது. ஆர்ப்பரித்துப் பாடுவோம், பணிந்து குனிவோம் என்று ஏழு வசனம் வரை அழைத்துச் சென்றபின், இருதயத்தைக் கடினப்படுத்தாதிருங்கள் என்று தேவனே எச்சரிக்கிறார். ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில் காலை ஜெபத்துக்கு இந்தச் சங்கீதம் முழுமையாகவே அமைக்கப்பட்டது. ஆனால் 1789-இல் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை தன் ஜெபப்புத்தகத்தை வெளியிட்டபோது, எச்சரிப்பு வரும் கடைசி வசனங்களை நீக்கி, 96-ஆம் சங்கீதத்திலிருந்து இரண்டு வசனங்களை அங்கே சேர்த்தது. அழைப்பு நின்றது, தீர்க்கதரிசனம் விழுந்தது. நம் குழுக்களும் பாட்டுத் தேர்வில் இதையே செய்கின்றன. பழைய சபையார் அச்சில் செய்ததை நாம் தெரியாமல் செய்கிறோம் என்பதே வேறுபாடு.

ஆகவே கடந்த மூன்று மாதங்களில் பாடிய பாட்டுகளின் பட்டியலை எடுத்து, தேவன் தேற்றும் வரிகள், கண்டிக்கும் வரிகள், ஏழைகளையும் நியாயத்தையும் பற்றிய வரிகள், கிறிஸ்துவின் செயலை அறிவிக்கும் வரிகள் என்று பிரித்துப் பாருங்கள். முதல் வகை நிறையவும் மற்றவை ஏறத்தாழக் காலியாகவும் இருந்தால், ‘ஆண்டவர் எங்கள் ஆராதனையில் பேசுகிறார்’ என்று சொல்லும்போது, அவர் எதைப் பேசலாம் என்பதை நாம் முன்பே முடிவுசெய்துவிட்டோம் என்று பொருள். ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் கர்த்தர் வெறுத்தது இசையில்லாத ஆராதனையை அல்ல. பாட்டும் வீணையும் நிறைந்து, நீதி வறண்டுபோன ஆராதனையை. இசையைப் பற்றிய மிகக் கூர்மையான தீர்க்கதரிசனம் இசையை நிறுத்தச் சொன்ன தீர்க்கதரிசனமே.

‘தீர்க்கதரிசன ஆராதனை’ என்ற பேரையே பயன்படுத்தாத சபைகளும் இங்கே கவனிக்கத்தக்கவை. மரியாளின் பாட்டும், சகரியாவின் பாட்டும், சிமியோனின் பாட்டும் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களில் உள்ளன. சகரியா பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டுத் தீர்க்கதரிசனமாகச் சொன்னார் என்றே அங்கு எழுதியிருக்கிறது. கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் காலையில் சகரியாவின் பாட்டும், மாலையில் மரியாளின் பாட்டும், இரவில் சிமியோனின் பாட்டும் நாள்தோறும் இடம்பெறுகின்றன. பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார் என்று ஒவ்வொரு மாலையும் பாடும் ஒரு மடத்துச் சகோதரி, எந்த விளம்பரமும் இல்லாமல் தீர்க்கதரிசனம் பாடிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் படி: கொரிந்துவின் ஒழுங்கை இசைக்கும் பொருத்துங்கள்

1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தை அந்நியபாஷையை (ஆவியின் ஏவுதலால் கற்றறியாத மொழியில் பேசுவதை) பற்றிய விவாதத்துக்காகவே பெரும்பாலும் திறக்கிறோம். அது பாட்டைப் பற்றியும் பேசுகிறது. “ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்” என்கிறார் பவுல். கூடிவரும்போது ஒருவன் சங்கீதம் பாடுகிறான், இன்னொருவன் வேறொன்றைக் கொண்டுவருகிறான், எல்லாம் பக்திவிருத்திக்கு ஏதுவாகட்டும் என்கிறார். தீர்க்கதரிசனத்தின் பலன் மூன்றாம் வசனத்தில் இருக்கிறது: பக்திவிருத்தி, புத்தி (அதாவது அறிவுரை), ஆறுதல். நடுவில் நிற்கும் ‘புத்தி’யை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்வது எளிது.

நடைமுறைக்கு வேண்டிய மூன்று விதிகள் அங்கேயே கிடைக்கின்றன. இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம்; எனவே எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள், எனவே சொன்னவரே தீர்ப்பு வழங்க முடியாது. தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது. எனவே ‘என்னால் நிறுத்த முடியவில்லை, அபிஷேகம் அப்படி இறங்கியது’ என்ற விளக்கம் செல்லாது. டிரம்ஸ் வாசிப்பவருக்கும் இது பொருந்தும்.

அப்போஸ்தலர் காலத்தோடு தீர்க்கதரிசன வரம் நின்றுவிட்டது என்று நம்பும் சபைகள் உண்டு. இன்றும் தொடர்கிறது என்று நம்பும் சபைகளும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை. முதல் தரப்பினருக்கு நான்காம் படியே போதுமான வேலையைத் தரும். இரண்டாம் தரப்பினருக்குத்தான் இனி வருபவை கூடுதலாகத் தேவைப்படும்.

ஆறாம் படி: இந்தப் பழக்கம் வந்த வழியைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள்

ஆயத்தமில்லாமல் எழும் பாட்டு நேற்று வந்த புதுமை அன்று. ஏறத்தாழ 197-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களின் அன்பின் விருந்தில் விளக்கேற்றியபின், ஒவ்வொருவரும் வேதத்திலிருந்தோ சொந்தமாகவோ தேவனைப் பாடும்படி நடுவே அழைக்கப்படுவதை விவரிக்கிறார். அதற்கும் முற்பட்ட ‘திதாக்கே’ என்னும் சபை ஒழுங்குநூல், நன்றிப்பலி வேளையில் தீர்க்கதரிசிகள் விரும்பியவண்ணம் நன்றி செலுத்தட்டும் என்று அனுமதிக்கிறது. அதே நூல் அடுத்த அதிகாரத்தில், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவன் சொல்லைக் கேளாதேயுங்கள் என்கிறது. சுதந்தரமும் சோதனையும் அப்போதே அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன.

இன்று நாம் காணும் வடிவத்துக்கு நெருங்கிய வேர் 20-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களில், பலர் ஒரே நேரத்தில் ஆவியில் பாடியதை ‘பரலோகப் பாடகர் குழு’ என்று அழைத்தார்கள். அங்கிருந்தவர்களின் பதிவின்படி, தொடக்கத்தில் அவர்களிடம் இசைக்கருவியும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை. கீபோர்டு இல்லாமல் ஆராதனை இறங்காது என்பவர் இதைச் சற்று யோசிக்கலாம். 1948-இல் கனடாவின் நார்த் பேட்டில்ஃபோர்டில் தொடங்கிய பின்மாரி எழுப்புதல் இயக்கம், தாவீதின் கூடாரம் (உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் அவர் ஏற்படுத்திய இசை ஆராதனை) மீண்டும் எடுப்பிக்கப்படுகிறது என்ற போதனையோடு, தீர்க்கதரிசனமாகப் பாடுவதைப் பரப்பியது. 1999-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் தொடங்கிய இருபத்துநான்கு மணிநேர ஜெபவீடு ஒன்று, வெளிப்படுத்தின விசேஷம் 5:8-இல் மூப்பர்கள் ஏந்தியிருக்கும் சுரமண்டலத்தையும் பொற்கலசத்தையும் தன் முறைக்குப் பெயராக வைத்துக்கொண்டது. ஒருவர் வேதப்பகுதியிலிருந்து ஜெபிக்க, பாடகர்கள் அதிலிருந்து சிறு சொற்றொடர்களை மாறி மாறிப் பாடி விரிக்க, இறுதியில் எல்லாரும் பாடத்தக்க ஒரு சிறு பல்லவி உருவாவது அந்த முறை.

இந்த வரிசையில், தேவன் தம் ஜனத்தின்மேல் பாடுகிறார் என்பதற்குச் செப்பனியா 3:17-ஐக் காட்டுவது வழக்கம். ஆங்கிலம் வழியே இதைக் கற்றுக்கொண்ட தமிழர், தம் வேதத்தைத் திறந்து பாட்டைக் காணாமல் குழம்புகிறார்கள். நம் மொழிபெயர்ப்பில் “கெம்பீரமாய்க் களிகூருவார்” என்றுதான் இருக்கிறது. எபிரெயச் சொல் மகிழ்ச்சியின் உரத்த குரலைக் குறிப்பது. அதைப் பாட்டு என்றும் கொள்ளலாம், கெம்பீரம் என்றும் கொள்ளலாம். இரு மொழிபெயர்ப்புகளும் தவறில்லை, ஆனால் அந்த ஒரு சொல்லின்மேல் ஒரு பெரிய உபதேசத்தைக் கட்டாதிருப்பது நலம்.

ஏழாம் படி: ஒரு வரியை எடுத்துப் பழகுங்கள்

ஆராதனைக்கு முந்தின நாளின் பயிற்சி இது. ஏசாயா 41:10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: “நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்.” டி ஸ்கேலில், டி, ஜி என்ற இரண்டே கோர்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை ஒரு சொல்லும் மாற்றாமல், ஐந்து சுரங்களுக்கு மேல் போகாத மெட்டில் ஒருவர் இரண்டு முறை பாடட்டும். முதல் முறை கேட்பவர் இரண்டாம் முறை உடன்பாடும் அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். பின்பு சபையின் குரலாக மற்றவர்கள் பதில் பாடட்டும்: “நான் பயப்படேன், நீர் என்னோடே இருக்கிறீர்.” இந்தப் பதில் 23-ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. இப்போது பாட்டுக்குள் இரண்டு குரல்கள் இருக்கின்றன. யார் யாரோடு பேசுகிறார் என்பதில் குழப்பம் இல்லை.

அடுத்ததாக, அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று குழுவில் ஒருவர் இரண்டு நிமிடம் சொல்லட்டும். நான் தொடக்கத்தில் காட்டிய வரியையே பாருங்கள். “உன் கண்ணீரைக் கண்டேன்” என்பது ஏசாயா 38-இல், வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவுக்குச் சொல்லப்பட்டது. அவர் ஆயுசோடு 15 ஆண்டுகள் கூட்டப்படும் என்ற வாக்கும் அதே வசனத்தில் இருக்கிறது. புற்றுநோயோடு போராடும் ஒரு தாய் மூன்றாம் வரிசையில் அமர்ந்து அந்த வரியைக் கேட்கும்போது, வேதம் அறிந்தவரானால், அந்தப் பதினைந்து ஆண்டுகளும் சேர்ந்தே அவர் காதில் விழும். பாடுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தேவன் கண்ணீரைக் காண்கிறவர் என்று எல்லாருக்கும் பாடலாம். ‘என் மகளே’ என்று ஒருவரை நோக்கித் திருப்பும்போது, அவர் பெறாத வாக்கை அவர் கையில் கொடுத்துவிடக்கூடும்.

எட்டாம் படி: ஆராதனை வேளையில் கைகள் செய்ய வேண்டியது

வார்த்தை சொல்லப்படும்போது வாசிப்பதை நிறுத்துங்கள். இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்று நண்பர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். ஒருமுறை எங்கள் கூட்டத்தின் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோது, பேசுகிறவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் என் வலக்கை பேட் ஒலியை, அதாவது பின்னணியில் நீண்டு நிற்கும் மெல்லிய ஒலியை, கூட்டியிருப்பதைக் கண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் பழகியிருந்தது. சபை அழுத இடங்களும் நான் ஒலியைக் கூட்டிய இடங்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. சொல்லப்பட்டது என்ன என்று அன்று மாலை நானே நினைத்துப்பார்த்தேன்; ஒரு வாக்கியமும் நினைவில் இல்லை. இசையில்லாத அமைதியில் ஒரு வார்த்தை வலுவிழந்துபோகுமானால், அந்த வலு எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

திடீரென எழும் வரியைப் பாட விரும்புபவர், முதலில் மூப்பர் ஒருவரிடமோ போதகரிடமோ ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு மைக்கை வாங்கட்டும். “கர்த்தர் சொல்லுகிறார்” என்று முத்திரையிடாமல், “இந்த வசனம் நமக்காக என்று உணர்கிறேன், சோதித்துப்பாருங்கள்” என்று தொடங்கட்டும். ஒரு மனிதரின் திருமணம், மருத்துவம், பணம், வேலைமாற்றம், வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றைப் பற்றி மைக்கில் பாடவே கூடாது என்று குழுவுக்குள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: சோதித்துப்பாருங்கள்

பேசப்பட்ட தீர்க்கதரிசனத்தைவிடப் பாடப்பட்டதைச் சோதிப்பது கடினம். பேசப்பட்டதை ஒருமுறை கேட்டுவிட்டு யோசிக்கலாம். பாடப்பட்ட வரியோ மூன்றாம் சுற்றில் நம் வாயிலேயே வந்துவிடுகிறது. நிதானிக்கும் முன்னரே நாம் ஆமென் சொல்லிவிட்டோம், மெட்டு இரவுவரை கூடவே வருகிறது. ஆகவே சோதிக்கும் வேலையை அந்த வேளைக்கு விட்டுவைக்காமல், அந்த வாரத்துக்குள் செய்யும்படி ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். “தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்” என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே மூச்சில்தான், “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று பவுல் எழுதினார்.

சோதிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது, இது கிறிஸ்துவிடம் கொண்டுசேர்க்கிறதா என்பது. இயேசுவைப்பற்றின சாட்சியே தீர்க்கதரிசனத்தின் ஆவி என்று வெளிப்படுத்தின விசேஷம் 19:10 சொல்கிறது. சொன்னது நிறைவேறாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18 கூறுகிறது. நிறைவேறினாலும் அது வேறு தேவனிடம் இழுத்துச் செல்லுமானால் செவிகொடுக்கக் கூடாது என்று அதற்குமுன் 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. எனவே ‘சொன்னது நடந்ததே’ என்பது மட்டும் போதுமான சான்றாகாது. இவற்றோடு, சொல்லப்பட்டது பாடியவருக்கு மரியாதையையோ பணத்தையோ சேர்க்கிறதா என்று திதாக்கேயின் கேள்வியையும் கேளுங்கள். எல்லாருக்கும் இனிப்பாக இருப்பதும் ஐயத்துக்குரியதே: எரேமியா 28-இல் பாபிலோனின் நுகம் இரண்டே ஆண்டில் முறிக்கப்படும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன் சொன்ன அனனியாவின் வார்த்தை, கேட்க மிகவும் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். அவன் அந்த வருஷமே இறந்தான், நுகம் முறியவில்லை.

இதற்கென ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருங்கள். தேதி, பாடப்பட்ட வரி, பாடியவர், அதன் வேதப்பகுதி, சோதித்த மூவரின் கருத்து ஆகியவற்றை ஒவ்வொரு வாரமும் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு முழுவதும் அமர்ந்து வாசியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே பொருளில் வந்தவை எவை, யாரும் நினைவில் வைத்திராதவை எவை, தவறானவை எவை என்பது அப்போது தெரியும். தவறானது என்று மூப்பர்கள் தீர்மானித்த வரியை, அது எந்த மைக்கில் பாடப்பட்டதோ அதே மைக்கில், பாடியவரே அடுத்த ஞாயிறு இரண்டு வாக்கியத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அப்போது கீபோர்டு வாசிப்பவர் தம் கைகளை மடியில் வைத்திருக்கட்டும்.